நெல்லைத் திருச்சபையின் வளர்ச்சியும் உபதேசியார் தமிழும்

1. முன்னுரை

தமிழ்நாட்டில் சீர்திருத்தக் கிறித்தவத் திருச்சபை வளர்ந்த வரலாற்றை எழுதினோர் பலர். தமிழ் உரைநடை வளர்ந்த வரலாற்றை எழுதினோரும் பலர். முன்னவர் சமய வரலாற்றாசிரியர். பின்னவர் இலக்கிய வரலாற்றாசிரியர். இவ்விரு திறத்தார் நூல்களிலும் ஒரே குறை காணப்படுவது வியப்புக்குரியது. சமய வரலாற்றாசிரியர், சபை வளர்ந்தமைக்கு மேலைநாட்டுத் தொண்டர் ஒருவரையே காரணராகக் காட்டி, அவரை 'நெல்லையின் அப்போஸ்தலர்' என்று போற்றுவர். இலக்கிய வரலாற்றாசிரியர், உரைநடைக்குத் 'தந்தை' ஒருவரைத் தேடுவர். தத்துவ போதகரோ, வீரமாமுனிவரோ, நாவலரோ என வழக்காடுவர். கொடுத்தவரை இருதிறத்தாரும் எண்ணினர். கொண்டவரை எண்ண மறந்தனர்.

நன்னூலார் பொதுப்பாயிரத்துள் நூலையும் ஆசிரியனையும் மட்டும் வைத்து நிறுத்தினாரல்லர். பாடம் சொல்லும் முறையையும், கேட்கும் மாணாக்கன் இயல்பையும், அவன் பாடம் கொள்ளும் முறையையும் உடன்வைத்து ஐந்தாக வகுத்தார். கல்வி என்பது கொள்வோன்பால் சென்று முடிவது என்னும் தெளிவு அவ்வகுப்பில் உண்டு. அவ்வளவுகோலை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். பாளையங்கோட்டையில் 1820 முதல் 1838 வரை இரேனியஸ் ஆற்றிய சபைப்பணியை நடுவாக வைத்து, அதற்கு முன்னும் பின்னும் நிகழ்ந்தவற்றைச் சுட்டி, நெல்லைத் திருச்சபை எவர் வாயாலும் எவர் செவியாலும் வளர்ந்தது என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. தொண்டர் வருமுன் நின்ற சபை

சீகன்பால்கும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் 1706ஆம் ஆண்டு சூலைத் திங்களில் வந்திறங்கினர். தமிழில் புதிய ஏற்பாடு அங்கேயே அச்சாகி 1715இல் நிறைவெய்தியது. ஆரோன் என்னும் தமிழர் 1733இல் குருப்பட்டம் பெற்றார். இவை யாவரும் அறிந்தவை. நெல்லைச் சீமையின் கதையோ வேறு வகையாகத் தொடங்குகின்றது. பாளையங்கோட்டைச் சபையின் 1780ஆம் ஆண்டுப் பேரேட்டில் 40 பெயர்கள் உள்ளன. அச்சிறு சபைக்கு உயிராக விளங்கியவர் குளோரிந்தா என்னும் பார்ப்பனக் கைம்பெண். பாளையங்கோட்டையில் சுவார்ட்ஸ் ஐயரிடம் 1778இல் திருமுழுக்குப் பெற்ற அவர் முயற்சியால் 1785இல் அங்கே கோயில் எழுந்தது. சுவார்ட்ஸ் ஐயர் அங்கே நிலைத்துத் தங்கியவரல்லர். 1790இல் குருப்பட்டம் பெற்ற சத்தியநாதன் என்னும் தமிழரே அச்சபையின் பொறுப்பை ஏற்றார்.

1799இல் தாவீது சுந்தரானந்தம் என்னும் உபதேசியார் முயற்சியால் கிறித்தவர்க்கெனவே ஓர் ஊர் அமைந்தது. முதலில் தோன்றியதால் அது முதலூர் எனப்பட்டது. 1802, 1803ஆம் ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் சபையிற் சேர்ந்தனர். அதன் பின்னர்ப் பல்லாண்டுகள் ஐரோப்பியத் தொண்டர் மேற்பார்வை மிகக் குறைந்திருந்தது. கொள்ளைநோயும் பகைமையும் சபைகளைச் சிதைத்தன. 1816இல் படைத்துறைக் குருவாகப் பாளையங்கோட்டைக்கு வந்த ஜேம்ஸ் ஹஃப் என்பார் கணக்கெடுத்தபோது, ஐம்பதுக்கு மேற்பட்ட ஊர்களில் ஏறத்தாழ 3,000 கிறித்தவர் எஞ்சியிருக்கக் கண்டார்.

வரலாற்றாசிரியர் பலர் இக்காலத்தைப் 'புறக்கணிக்கப்பட்ட காலம்' என்று ஒரு சொல்லில் கடந்து செல்வர். யாம் அவ்வாறு கடக்க விரும்பவில்லை. மேய்ப்பர் குறைந்த காலத்தில் ஐம்பது ஊர்களில் சபை நின்றது எங்ஙனம்? ஊர்தோறும் ஒருவர் மாலையில் மக்களைக் கூட்டி, ஏட்டையோ அச்சு நூலையோ எடுத்து வாசித்து, வினாவிடையைச் சொல்லிக்கொடுத்து வந்தார், ஆதலின் நின்றது. அவரே உபதேசியார். இவருள் பெரும்பாலோர் பெயர் நூல்களில் இல்லை. ஹஃப் எண்ணிய எண்ணிக்கையே அவர்கள் பணிக்குச் சான்றாகும்.

3. இரேனியசின் பணிமுறை

பிரஷ்ய நாட்டிற் பிறந்த இரேனியஸ் 1814இல் சென்னைக்கு வந்தார். அவரை அனுப்பியது இங்கிலாந்தின் சர்ச் மிஷனரிச் சங்கம். 1820இல் பாளையங்கோட்டையை அடைந்து, 1838 சூன் திங்களில் மறையும்வரை நெல்லைச் சீமையையே களமாகக் கொண்டார். திருப்பாற்கடல்நாதன் கவிராயரிடம் பல்லாண்டு தமிழ் பயின்றார். ஊசிக்கோபுரம் என்று மக்கள் வழங்கும் பாளையங்கோட்டைத் திருத்துவக் கோயில் 1826இல் அவர் எழுப்பியது.

கோயிலினும் பெரிது அவர் கண்ட பணிமுறை. உபதேசியாரைத் தெரிந்தெடுத்தார், பாளையங்கோட்டையிலே பள்ளி வைத்துப் பயிற்றினார், ஊர்களுக்கு அனுப்பினார், குறித்த காலங்களில் மீண்டும் வரவழைத்து, அவர்தம் ஊர்ச் செய்திகளைக் கேட்டு, மேலும் பாடஞ் சொல்லித் திருப்பி அனுப்பினார். அவர் சொன்ன பாடம் பல ஊர்களில் பல வாய்களால் மீண்டும் சொல்லப்பட்டது. 1830இல் தரும சங்கம் என்னும் அமைப்பை நிறுவி, நிலவுடைமையாளரின் நெருக்குதலுக்கு ஆளான எளிய மக்களுக்கு நிலமும் மனையும் வாங்கிக் குடியமர்த்தினார். பிரஷ்யப் பிரபு தோனா என்பார் அளித்த பொருளால் அமைந்த தோனாவூர் இன்றும் அப்பெயர் தாங்கி நிற்கின்றது.

இம்முறையின் உட்பொருளை ஓர்ந்து நோக்குதல் வேண்டும். தொண்டர் ஒருவர் நூறு ஊர்களில் நாள்தோறும் பேச இயலாது. அவர் சொல்வதைப் பிறர் சொல்ல வேண்டும். பிறர் சொல்லத்தக்க வகையில் அவர் சொல்ல வேண்டும். கற்றோர் அவையில் ஒருமுறை கேட்டு மகிழத்தக்க நடை இதற்கு உதவாது. சிற்றூர் உபதேசியார் ஒருவர் மண்ணெண்ணெய் விளக்கும் வழங்காத அந்நாளில், ஆமணக்கெண்ணெய் விளக்கடியில், எழுத்தறியாத உழவரும் பனையேறிகளும் கேட்க வாசிப்பதற்கு உரிய நடை தேவைப்பட்டது. இத்தேவையே நெல்லைத் தமிழ் உரைநடையின் பிறப்பிடம் என்பது எம் கருத்து.

4. செவிக்கு எழுதிய உரைநடை

அதற்குமுன் தமிழில் உரைநடை இல்லையா எனில், உண்டு. இளம்பூரணரும் பேராசிரியரும் நச்சினார்க்கினியரும் எழுதிய உரைகள் உள. ஆனால் அவை மூலத்தைச் சார்ந்து நிற்பன. ஆசிரியர் அருகிருந்து விளக்கப் பயில்வன. சுவடியில் மெய்க்குப் புள்ளி இராது. எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடு இராது. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே வெளி இராது. அந்நிலையில் வாசித்தல் என்பதே ஒரு புலமைத் தொழில். எகர ஒகர வேறுபாட்டை வரிவடிவில் காட்டியவர் வீரமாமுனிவர். சொற்களைப் பிரித்தும் நிறுத்தக்குறி இட்டும் அச்சிடும் வழக்கம் படிப்படியாகப் பரவியபோது, வாசித்தல் எளியார் கைக்கும் வந்தது.

இரேனியஸ் 1827இல் வேத மொழிபெயர்ப்பு நெறிகளைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை வெளியிட்டார். மூலமொழியின் சொல்லடைவை அவ்வாறே தமிழில் வைத்தல் தகாது. தமிழ் மரபிற்கேற்பப் பொருளைத் தருதல் வேண்டும் என்பது அதன் சாரம். அவர் எழுதிய 'பூமிசாஸ்திரம்' 1832இல் வெளிவந்தது. உலகநாடுகளின் இயல்பைத் தமிழில் விளக்கும் அந்நூல், சமயத்திற்கு அப்பாற்பட்ட பொருளையும் அந்நடை தாங்கும் என்று காட்டிற்று. 'வேதசாஸ்திரச் சுருக்கம்' உபதேசியார்க்கு உரிய பாடநூலாய் அமைந்தது. ஆங்கிலத்தில் எழுதிய தமிழ் இலக்கண நூலிலோ, செய்யுள் வழக்கை விடுத்து, நல்லோர் பேச்சிலும் எழுத்திலும் வழங்கும் தமிழையே இலக்கணத்திற்கு உரியதாகக் கொண்டார்.

இந்நடையைப் புலவர் சிலர் 'பாதிரித் தமிழ்' என்று எள்ளினர். வடசொல் மிகுதி, வேற்றுமையுருபு மயக்கம், இலக்கண வழுக்கள் ஆகியவற்றைக் குற்றமாகச் சுட்டினர். இக்குற்றங்கள் இல்லையென யாம் வாதிடவில்லை. சுவிசேஷம், ஞானஸ்நானம், இரட்சிப்பு, பரிசுத்த ஆவி என்றாற்போன்ற சொற்கள் அந்நூல்களில் மலிந்துள்ளமை கண்கூடு. இவற்றுள் ஞானஸ்நானம் போன்றவை கத்தோலிக்கத் துறவியர் முன்னரே ஆக்கி வைத்தவை. சீர்திருத்தச் சபையார் எடுத்தாண்டவை. ஆயினும் ஒரு நூலை அது மேற்கொண்ட பணியைக் கொண்டே முதற்கண் மதிப்பிடல் வேண்டும். சிந்தாமணி உரையை அளக்கும் கோலால் சிற்றூர்ச் செபக்கூடத்து வாசகத்தை அளப்பது, நெல் அளக்கும் மரக்காலால் பாலை அளப்பதனோடு ஒக்கும். உபதேசியார் ஒரு தொடரை வாசித்து நிறுத்துகின்றார். கேட்டோர் அதனைத் திருப்பிச் சொல்கின்றனர். மறுநாள் மனத்திலிருந்து ஒப்பிக்கின்றனர். அவ்வாறு ஒப்பிக்க இடங்கொடாத தொடர் அப்பணிக்குத் தோற்ற தொடர். தொடரின் நீளம், வினையெச்சங்களின் அடுக்கு, எழுவாய்க்கும் பயனிலைக்கும் இடையிலுள்ள தொலைவு ஆகிய அனைத்தும் இச்சோதனைக்கு உட்பட்டன. தமிழ் உரைநடை இத்துணைப் பெருந்திரளான எழுத்தறியா மக்கள் முன்னிலையில் நாள்தோறும் சோதிக்கப்பட்ட இடம் பிறிதொன்று அக்காலத்தில் இருந்ததா என்பது ஐயமே.

5. சபையின் தீர்ப்பு

கொள்வோர் வெறுமனே கொண்டாரல்லர்; தள்ளியும் காட்டினர். விவிலிய மொழிபெயர்ப்புகளின் வரலாறு இதற்குத் தக்க சான்று. பெப்ரீசியஸ் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1772இல் வேப்பேரியில் அச்சாயிற்று. மூலத்தின் அடிச்சுவட்டைப் பெரிதும் பின்பற்றிய அவர் நடை, சில இடங்களில் தமிழுக்குக் கரடுமுரடானது. எனினும் ஒரு பெருமிதமும் அமைதியும் உடையது. இரேனியஸ் அதனைத் தம் நெறிப்படி மாற்றி எழுதிய புதிய ஏற்பாடு 1833இல் வெளிவந்தது. தெளிவிலும் ஓட்டத்திலும் அது விஞ்சியது என்பதை ஒப்புநோக்குவார் எவரும் மறுக்கார். அவ்வாறிருந்தும் அது நிலைக்கவில்லை. தஞ்சையில் வேதநாயக சாஸ்திரியாரும் அவரைச் சார்ந்த பழைய சபையாரும் திருத்தத்தை வன்மையாக எதிர்த்தனர். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல், ஆறுமுக நாவலரின் துணைகொண்டு ஆக்கிய மொழிபெயர்ப்பு 1850இல் வந்தது. நாவலரின் கைபட்ட அம்மொழிபெயர்ப்பையும் தமிழ்நாட்டுச் சபைகள் ஏற்கவில்லை. இறுதியில் பவர் ஐயர் தலைமையில் அமைந்த குழு, பெப்ரீசியசின் வாசகத்தையே அடிப்படையாகக் கொண்டு திருத்தி, 1871இல் முழுநூலாக வெளியிட்டதே பெரும்பாலான சீர்திருத்தச் சபைகளின் வேதமாயிற்று. லூத்தரன் சபையார் அதனையும் ஏலாது, பெப்ரீசியசையே நெடுங்காலம் போற்றினர்.

இம்முடிவைப் புலமையின் தோல்வி என்று கூறலாமா? கூறுதல் பொருந்தாது. ஒரு வாசகம் ஒரு தலைமுறையின் வாயில் ஊறியபின், அது வெறும் மொழிபெயர்ப்பாக நில்லாது; வழிபாட்டின் பகுதியாகிவிடும். சாவு வீட்டிலும் மணவீட்டிலும் கேட்ட தொடரை இலக்கணம் சரியில்லை என்று மாற்ற முனைந்தால், மக்கள் தம் உறவு ஒன்றைப் பறிகொடுத்தாற்போல் வருந்துவர். கடவுளைக் குறிக்கும் சொல்லையே காண்க. சீகன்பால்கு சருவேசுரன் என்றார். பெப்ரீசியஸ் பராபரன் என்றார். பெர்சிவலும் பவரும் தேவன் என்றனர். 1995இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் கூடி வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பு கடவுள் என்றது. நற்செய்தி, திருமுழுக்கு, தூய ஆவி என்னும் நல்ல தமிழ்ச் சொற்களும் அதனுள் இடம்பெற்றன. ஆயினும் சீர்திருத்தச் சபைகளின் வழிபாட்டில் தேவன் என்னும் சொல் இன்றும் ஒலிக்கின்றது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். சபையின் செவியை நடுவராக வைத்த யாம், அந்நடுவர் பிழையாதவர் எனக் கொள்ளவில்லை. பழைய வாசகத்தைக் காக்க எழுந்த தஞ்சைச் சபையாரே, கோயிலில் சாதிவாரியாகத் தனித்தனி அமரும் வழக்கத்தையும் காக்க எழுந்தனர். இரண்டும் ஒரே எதிர்ப்பின் இரு கிளைகளாக இருந்தன. பாளையங்கோட்டைப் பள்ளியில் மாணாக்கர் அனைவரும் ஒருங்கிருந்து உண்ண வேண்டும் என இரேனியஸ் வற்புறுத்தியபோது எழுந்த பூசலும் இத்தகையதே. சாஸ்திரியாரின் பாக்களையும் கீர்த்தனைகளையும் போற்றுவோர், அவர் சாதி பற்றி எழுதியவற்றை மறைத்து எழுதுதல் திறனாய்வு ஆகாது. இரேனியசின் சமூக நேர்மையைப் போற்றுவோர், அதன் பொருட்டு அவர் மொழிபெயர்ப்பைத் தூக்கிப் பிடித்தலும் ஆகாது. மொழியில் சபை சரியாகத் தீர்த்தது. சாதியில் தவறாகத் தீர்த்தது. இரண்டையும் பிரித்துரைத்தல் எம் கடன்.

6. மறுப்பும் விடையும்

'சபை வளர்ந்தது சொல்லால் அன்று. சோற்றாலும் பாதுகாப்பாலும்' என்பாரும் உளர். 1877, 1878ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சத்தில் பல்லாயிரவர் சபையை நாடியதையும், நிலவுடைமையாளர் கொடுமைக்கு அஞ்சியோர் தொண்டர் நிழலை நாடியதையும் அவர்கள் காட்டுவர். இவை மெய்யே. தரும சங்கம் வாங்கிய நிலத்தை மறந்து, அது தந்த வேதத்தை மட்டும் பேசுவது வரலாறாகாது. எனினும் பஞ்சம் தீர்ந்த பின்னரும் சபையில் நின்றவர் எண்ணிறந்தோர். வந்தமைக்குக் காரணம் பஞ்சமாயின், நின்றமைக்குக் காரணம் பஞ்சமாகாது. வருகைக்கும் நிலைபேற்றுக்கும் காரணங்கள் வேறு என்பதை இம்மறுப்புரைப்போர் கருதவில்லை.

நெல்லைச் சபையார் சோற்றுக்கு நின்றவராயின், தம்மை ஊட்டியவரை எதிர்த்திருக்க மாட்டார். அவர்கள் எதிர்த்த காலங்கள் இரண்டினை ஈண்டுக் காட்டுவோம். லூத்தரன் மரபினரான இரேனியஸ், தம் உபதேசியார் ஆங்கிலத் திருச்சபையின் பேராயர் கையாலேயே பட்டம் பெறவேண்டும் என்பதை ஏற்கவில்லை. அத்திருச்சபையின் ஒழுங்குகளைக் குறைகூறியும் எழுதினார். 1835இல் சங்கம் அவரை நீக்கியது. அவர் நெல்லையை விட்டு அகன்றார். உபதேசியார் பலர் அவரை மீண்டும் வருமாறு வேண்டினர். அவரும் திரும்பி வந்து, சங்கத்தின் துணையின்றித் தனியே பணிபுரிந்தார். 1838இல் அவர் மறைந்தபின் பிரிந்தவருள் பெரும்பாலோர் சங்கத்தின் சபையோடு மீண்டும் இணைந்தனர். ஊதியம் தருவது சங்கம் என்று அறிந்தும் ஆசிரியரை நாடிச் சென்ற உபதேசியாரைக் கூலியாட்கள் எனல் எங்ஙனம்?

இரண்டாவது நிகழ்ச்சி இன்னும் கூர்மையானது. 1838இல் இந்தியாவுக்கு வந்து 1841 முதல் இடையன்குடியில் பணியாற்றிய கால்டுவெல், 1849இல் நாடார் சமூகத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறுநூல் எழுதினார். அச்சமூகத்தைத் தாழ்த்தி உரைத்த அந்நூல் மக்கள் உள்ளத்தைப் புண்படுத்தியது. உபதேசியாராகப் பணிசெய்து தொண்டர் ஒருவரோடு முரணி விலக்கப்பட்ட சட்டாம்பிள்ளை என்பார், 1857இல் ஐரோப்பியர் தொடர்பற்ற தனிச்சபை ஒன்றை நிறுவினார். தம்மைப் பற்றி மேலைநாட்டார்க்கு எழுதப்பட்டதைப் படித்து மறுமொழி கூறும் ஆற்றல் அம்மக்களுக்கு எங்கிருந்து வந்தது? அதே தொண்டர் நிறுவிய பள்ளியிலிருந்தே வந்தது. 1856இல் வெளியான கால்டுவெல்லின் ஒப்பிலக்கணத்தைத் தமிழர் தலைமேற் கொண்டனர். 1849ஆம் ஆண்டு நூலை மறுத்தனர். கொள்ளத்தக்கதைக் கொண்டு தள்ளத்தக்கதைத் தள்ளுதலினும் சிறந்த வளர்ச்சி ஒரு சபைக்கு உண்டோ?

7. முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் சில முடிவுகள் பெறப்படும். நெல்லைத் திருச்சபை, தொண்டர் வருமுன்னரே தமிழர் வாயால் நின்றது. இரேனியசின் சிறப்பு, தாமே பேசியதினும் பிறர் பேசுமாறு செய்ததில் உள்ளது. அவர் உரைநடை, படிப்பவர் கண்ணைவிடக் கேட்பவர் செவியை நோக்கி எழுந்தது. அவர் மொழிபெயர்ப்பு தோற்றது. அவர் முறை வென்றது.

அம்முறையின் விளைவு அவர் காலத்தோடு முடியவில்லை. 1903இல் நெல்லைக் கிறித்தவரே தம் பொருளாலும் தம் ஆட்களாலும் இந்திய மிஷனரிச் சங்கத்தை நிறுவித் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குத் தொண்டரை அனுப்பினர். அம்முயற்சியில் முன்னின்ற வேதநாயகம் சாமுவேல் அசரியா, வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1912இல் ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். கொண்டவர் கொடுப்பவராயினர். இரேனியசைச் சங்கத்தினின்று விலக்கிய வினா, தமிழ் உபதேசியார்க்கு எவர் பட்டம் அளிப்பது என்பது. அதற்கு எழுபத்தேழு ஆண்டுகள் கழித்து விடை கிடைத்தது. பட்டம் அளிக்கும் கை தமிழர் கையே ஆயிற்று.

இனித் தமிழ்த்துறை மாணவர் செய்யவேண்டிய பணி ஒன்றுண்டு. தந்தையரைத் தேடும் வழக்கை ஒருபால் வைத்துவிட்டு, உரைநடையைக் கேட்டோரைத் தேடுதல் வேண்டும். சபைப் பேரேடுகள், உபதேசியார் கடிதங்கள், வினாவிடை நூல்கள், ஊர்ச்சபைகளின் கணக்குகள் ஆகியன சமய ஆவணங்கள் மட்டுமல்ல. தமிழ் எந்நடையில் எவர்க்குச் சென்று சேர்ந்தது என்பதற்குச் சான்றாவன. அவற்றை ஒதுக்கிவிட்டு எழுதும் உரைநடை வரலாறு ஈவோன் தன்மை மட்டும் கூறி, கொள்வோன் தன்மை கூறாத பாயிரம் போல் முற்றுப்பெறாது நிற்கும். 1780ஆம் ஆண்டுப் பேரேட்டிலுள்ள அந்நாற்பது பெயர்களிலிருந்து அவ்வரலாற்றைத் தொடங்குதல் தகும் என்பது எம் துணிபு.